பயம் ஊறும் நேரம்

திருநெல்வேலியில் ஒரு பெரிய இருதய மருத்துவமனை. அதன் இரண்டாம் மாடியில், அடுத்தவர் பயத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே ஆட்கள் வைத்திருந்தார்கள். வேலை உத்தரவில் ‘அச்ச ஏற்பாளர்’ என்று போட்டிருக்கும். அதைத் தட்டச்சு செய்த புண்ணியவானைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர்கள் பயந்தாங்கொள்ளிகள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சண்முகவடிவு இதற்காகச் சண்டைக்கெல்லாம் போயிருக்கிறாள். பிறகு, பயத்தைத் தாங்கிக்கொள்வதுதானே நம் பிழைப்பு, இதில் என்ன ரோஷம் என்று விட்டுவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நிமிடங்களில் மனிதர்களைப் பார்த்திருந்தால்தான் இந்த வேலையின் அருமை தெரியும். ஊரையே உருட்டி மிரட்டி வைத்திருந்த கான்ட்ராக்டர், பச்சை அங்கியைப் போட்டதும் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அப்படிப்பட்டவரைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். பக்கத்து நாற்காலியில் அதே மாதிரித் தொப்பியோடு வடிவு உட்காருவாள். நடுவில், ஒருவர் பயத்தை மற்றவருக்குக் கடத்துகிற பெட்டி. அரை மணி நேரத்தில் கான்ட்ராக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடப்பார். வடிவுக்கு முதுகு நனைந்து, பல் கிட்டி, கைகால் வெலவெலத்துப் போயிருக்கும்.

“அப்ப அந்தப் பயத்தை நீங்க என்ன செய்வீங்க?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

“ஒண்ணும் செய்ய மாட்டேன்” என்பாள் வடிவு. “கெண்டைக்கால் பிடிச்சிக்கிட்டா என்ன செய்வீய? ஓடுனா இன்னும் இழுக்கும். காலை நீட்டிட்டு, வலிக்கட்டும்னு இருந்தா தானா விட்டுரும்லா? அந்த மாதிரிதான். எங்கன இருக்குன்னு பாப்பேன். தொண்டையிலயா, நெஞ்சுலயா, வயித்துலயான்னு. தள்ள மாட்டேன். இருந்துட்டுப் போன்னு விட்டுருவேன். போயிரும்.”

“எங்களுக்குத் திரும்பி வந்துராதா?”

“வரும். கெணத்துத் தண்ணியை இறைச்ச மாதிரி. திரும்ப ஊறுததுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள உங்க ஆபரேஷன் முடிஞ்சு, நீங்க காப்பி கேட்டுக்கிட்டு இருப்பீய.”

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்காகத் தினமும் விடியலில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூச்சைக் கவனித்துப் பழகியவள் அவள். வருகிற எண்ணத்தை வரவிட்டுப் போகிறதைப் போகவிட்டு, அசையாமல் இருப்பாள். மகள் பூரணிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. “எம்மா, கல்லா இருந்தது போதும். எந்திரிச்சு இட்லியை ஊத்து, காலேஜ் பஸ்ஸு போயிரும்” என்று பின்னால் நின்று கத்துவாள்.

அந்தப் பூரணிக்குத்தான் இப்போது ஆபரேஷன்.

பூரணியின் அப்பா ஒரு கோவில் கொடைத் திருவிழாவில், தலைக்குப் பின்னால் வெடித்த வேட்டுக்குத் திடுக்கிட்டுத் திரும்பியவர், அப்படியே விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று முதலில் குலவை போட்டார்கள். தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, சாமி இல்லை என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அப்போது பூரணி கைக்குழந்தை. நெஞ்சடைப்பு என்றார்கள், வடிவும் அதை நம்பினாள். போன மாதம் பூரணி ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி மேலே வந்துவிடுகிறாற்போல் பிரேக் போட, லாரி தொடாமலேயே அவள் சுருண்டு விழுந்த அன்றுதான், அப்பாவுக்கு இருந்த கோளாறுதான் மகளுக்கும் என்று வடிவுக்கு விளங்கிற்று. அதற்குப் பிறகு மேலும் இரண்டு தடவை விழுந்துவிட்டாள்.

அறுவை செய்யப்போகிற டாக்டர் கோமதிநாயகம் சுற்றி வளைக்காமல் சொன்னார். “பயந்தா எல்லாருக்கும் நெஞ்சு படபடங்கும். இவளுக்கு அந்தப் படபடப்பு அடங்காம தாளம் கெட்டுப்போவுது. இதயத்துல ஒரு சின்ன இடம் பண்ணுத வேலை அது. கம்பியை விட்டு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சுட்டுட்டா, பிள்ளை நம்மளை மாதிரி இருப்பா.”

“மயக்கம் குடுத்துத்தான செய்வீய?”

“அங்கதான் சிக்கல். மயக்கம் குடுத்தா அந்த இடமும் சேர்ந்து தூங்கிரும். பொறவு எங்கன போய்த் தேட? முழிச்சு இருக்கணும். ஆனா பயப்படக் கூடாது. நாங்க கம்பியை வச்சுத் தேடிக்கிட்டு இருக்கையில இவ பயந்தான்னா…” என்று நிறுத்தினார். நிறுத்தியதற்கு அப்புறம் என்ன என்பது வடிவுக்குத் தெரியும். கொடையன்று கண்ணால் பார்த்தவள்தானே.

பயத்தை வாங்க ரோசலினைப் போட்டிருந்தார்கள். வடிவுக்கு அடுத்தபடியாக அந்த மாடியில் கெட்டிக்காரி அவள்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரோசலின் டெங்கு காய்ச்சலில் படுத்துவிட்டாள். இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள். தள்ளிப்போடலாம் என்றால், அதற்குள் பூரணி எந்த ஹாரன் சத்தத்துக்கு விழுவாளோ யார் கண்டது?

வடிவு நேராக மாடிக்குப் பொறுப்பான டாக்டர் கஸ்தூரியின் அறைக்குப் போனாள். “நான் உக்காருதேன் டாக்டர்.”

“சொந்த ரத்தத்துக்கு உக்காரக் கூடாதுன்னு விதி இருக்கு வடிவு. அது ஏன்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்குள்ள ஏற்கெனவே ஒரு பயம் இருக்கு. அதுக்கு மேல அவ பயத்தையும் எங்க வைப்பீங்க?”

“என் பயத்தை வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டு வாரேன்.”

கஸ்தூரி அவளை உற்றுப் பார்த்தார். வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரிந்ததால், பார்த்ததை நம்ப முடிவுசெய்தார்.

வடிவு சொன்னது பச்சைப் பொய். ஒரு வாரமாக விடியலில் சுவர் முன்னால் உட்காருகிறாள், முடியவில்லை. அடிவயிற்றில் ஒன்று கிடந்து பிசைகிறது. இருந்துட்டுப் போ என்று சொல்லிப் பார்த்தாள். போகவில்லை. அவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஊரார் பயத்தையெல்லாம் உட்காரவைத்து வழியனுப்பியவள், தன்னுடையதைக் கண்டதும் சமையலறைக்கு எழுந்து ஓடுகிறாள். அடுத்தவர் பயத்துக்கு ஒரு முடிவு உண்டு. அதன் சொந்தக்காரர் ஸ்ட்ரெச்சரில் போனதும் அவள் வேலை தீர்ந்தது. இதற்குச் சொந்தக்காரியே அவள். இதை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவது?

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை, பூரணியிடம் கூட.

மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் அந்த அறைக்குள் போனார்கள். இருவருக்கும் ஒரே மாதிரிப் பச்சை அங்கி. அந்த அறைக்குள் சேலைக்கு அனுமதி இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்திவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு பயத்தைக் கிளறிவிடும் என்பார்கள். விளக்கைக் குறைத்துவிட்டு டெக்னீஷியன் சாகுல் சத்தமில்லாமல் வருவான். தொப்பி மாட்டுவான், பெட்டியை முடுக்குவான், போய்விடுவான். பயந்து கிடக்கிறவர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது மரியாதைக்குறைவு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்ல பிள்ளை, ஒருநாளும் பார்த்ததில்லை.

கதவு சாத்துவதற்கு முன்னால் பூரணி கட்டிலில் படுத்துப் பார்த்தாள். படுத்ததும் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

“படுக்க முடியலம்மா. பட்டுபட்டுன்னு அடிக்கி.”

“படுக்காண்டாம். நீ இந்த நாற்காலியில சாஞ்சுக்கோ. நான் கட்டில்ல இருந்துக்கிடுதேன்.”

“உனக்குப் பயமா இருக்காம்மா?”

“எனக்கென்னட்டி பயம்? தெனமும் பாக்குத வேலை” என்று மகளின் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள் வடிவு. உடனே கையை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறினாள்.

கதவு சாத்தப்பட்டது. வடிவு கட்டிலில் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடினாள். சாகுலின் காலடி கேட்டது. தொப்பியின் குளிர் நெற்றியில் பட்டது. பெட்டி மெல்ல இரைய ஆரம்பித்தது.

அடி விழப்போகிறது என்று பல்லைக் கடிக்காமல், தோளைத் தளர்த்தி, வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அடிவயிற்றில் ஒரு வாரமாகப் பிசைந்துகொண்டிருந்தது மெல்ல இளகியது. முடிச்சு அவிழ்வதுபோல் ஒவ்வொரு சுற்றாக விட்டது. மூச்சு ஆழமாக வந்தது. அட, என்று நினைத்தாள் வடிவு. இத்தனை வருஷம் உட்கார்ந்ததற்குப் பலன் இல்லாமலா போகும்? தன் பயமும் கரைந்தது, மகள் பயம் வந்த சுவடும் தெரியவில்லை. இதைத்தான் பக்குவம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று கொஞ்சம் கர்வப்பட்டாள்.

ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தாள். பூரணி கண்ணை மூடியிருந்தாள். மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பாவம், நோஞ்சான் பிள்ளை, அசந்துபோயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு வடிவு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த விரல்களைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து குதித்திருப்பாள்.

தள்ளுவண்டியில் தலைப்பக்கத்தை உயர்த்திப் பூரணியைக் கொண்டுபோனார்கள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாய் இருந்தது அந்தக் கை. ஏசி குளிர் என்று நினைத்தாள் வடிவு.

அதன்பிறகு அவளுக்குப் பசித்தது. கேண்டீனில் உட்கார்ந்து ரவா தோசை சொன்னாள். நன்றாக இருந்ததால் இன்னொன்றும் சொன்னாள். இரண்டாவது தோசையில் பாதி தீர்ந்திருக்கும்போது ரோசலின் போன் செய்தாள். காய்ச்சலில் அவள் குரல் கரகரத்தது.

“யக்கா, உக்காந்துட்டியளா? எப்படி இருந்துச்சு?”

“ஒண்ணுமே இல்ல ரோசு. என் மவ சிங்கம்லா.”

“ஒண்ணுமேவா? குளிரு வரலையா?”

“இல்ல.”

“பல்லு கிட்டல?”

“இல்லைங்கேன். இப்பத்தான் ரெண்டாவது தோசை தின்னுக்கிட்டு இருக்கேன்.”

இந்த வேலை பார்க்கிறவர்களால், உட்கார்ந்து எழுந்த கையோடு சுடுதண்ணீரைத் தவிர எதையும் தொண்டைக்குள் இறக்க முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“யக்கா, நீங்க எங்கன உக்காந்தீய?” என்றாள் ரோசலின், ஒவ்வொரு சொல்லாக.

“பிள்ளைக்குப் படுக்க முடியல. அதனால அவளை நாற்காலியில வச்சுட்டு நான் கட்டில்ல…”

தன் வாயிலிருந்து வந்ததை வடிவு தன் காதாலேயே கேட்டாள். அந்த அறையில் கட்டில் கொடுக்கும், நாற்காலி வாங்கும். கம்பிகள் அப்படித்தான் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தன. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது. சாகுல் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பேசக் கூடாத அறையில் யாரும் எதையும் கேட்பதில்லை. அத்தனை வருஷமாக அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தவள், மகளுக்கு மூச்சு முட்டுகிறதே என்ற பதற்றத்தில், தானே அவளை அதில் உட்காரவைத்துவிட்டாள். ஒரு வாரமாக வயிற்றில் கட்டிக் காத்த பயத்தையெல்லாம், பயமே ஆகாத பிள்ளையின் தலையில் கொட்டிவிட்டாள்.

எல்லாம் விளங்கியது. விளங்கியும் பயம் வரவில்லை.

அதுதான் கொடுமையாக இருந்தது. பூரணி செத்துப்போகலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு மழை பெய்யலாம் என்பதுபோல் இருந்தது. வெட்கம் வந்தது, தன்மேல் ஆத்திரம் வந்தது, பயத்தை மட்டும் காணோம். தோசைத் தட்டில் சட்னி அப்படியே இருந்தது. ஓட வேண்டும் என்று அறிவு சொன்னது. சொன்னதால் ஓடினாள்.

தியேட்டர் வாசலில் சாகுல்தான் முதலில் அகப்பட்டான். விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “நான் பாக்கலையேக்கா, ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா… அல்லா, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“நீ என்னல செய்வ? அவளை அங்க உக்கார வச்சது நான்தான்” என்று வடிவு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “எந்திரி. போய் டாக்டரைக் கூப்பிடு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “யக்கா, நீங்க என்னைத் திட்டவாவது செய்யுங்க. இப்படிச் சாதாரணமா நிக்காதீங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பயமா இருக்கு.”

கஸ்தூரி வெளியே வந்தார். கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

“கம்பி உள்ள போயிடுச்சு வடிவு. தேட ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப வெளிய எடுக்கிறது அதைவிட ஆபத்துன்னு கோமதிநாயகம் சொல்றார்.”

“மீட்டர்ல அவளுக்குப் பயம் எவ்வளவு காட்டுது?”

கஸ்தூரி தயங்கினார். “வழக்கமா பேஷண்டுக்கு இருக்கிறது மாதிரி ரெண்டு மடங்கு. உள்ள வந்தப்பவே காட்டியிருக்கு. அவ முகம் சாந்தமா இருந்ததால மீட்டர் பழுதுன்னு நினைச்சுத் திருப்பி வச்சுட்டாங்க.”

“பெட்டியை உள்ள கொண்டு போயி என்னை மாட்டி…”

“பதினைஞ்சு வயர் அவ மேல ஓடுது. நடுவுல பெட்டியை முடுக்கினா அவங்க தேடுற சிக்னல் கெட்டுப்போயிடும். அவகிட்டப் போய்ச் சொல்லவும் முடியாது. ‘உனக்குத் தப்பாப் பயத்தை ஏத்திட்டோம்’னு சொன்னா அதுவே போதும், வேற எதுவும் வேண்டாம்.” கவசத்தைப் பைக்குள் திணித்தபடி, “காத்திருக்கிறதைத் தவிர நமக்கு இப்ப வேலை இல்லை” என்றார்.

வடிவு சரி என்று தலையாட்டினாள்.

“இன்னொண்ணு வடிவு. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல ஊற ஆரம்பிச்சிடும். இப்ப உங்களுக்குத் தெரிஞ்ச விஷயமும் சேர்ந்து மொத்தமா வரும். பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஏற்பாளர் ஒருத்தர் இருக்கார், நேத்து வெளியூர் போயிருந்தவர் இப்பத்தான் திரும்பியிருக்கார். வரச் சொல்றேன். அவர் வாங்கிக்கட்டும்.”

“வேண்டாம் டாக்டர்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்க. தாங்க மாட்டீங்க.”

“என் பிள்ளை உள்ள கெடக்கு. நான் வெளிய கல்லு மாதிரி நிக்கேன். தோசை தின்னுட்டு வந்து நிக்கேன் டாக்டர். இப்படி ஒருத்தி தாயா? எனக்கு அது வரணும். யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

கஸ்தூரி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

வாசலுக்கு எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் வடிவு உட்கார்ந்தாள். சாகுல் அவளிடமிருந்து தள்ளி, தரையிலேயே இருந்தான். அவன் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வடிவு அவனைப் பொறாமையோடு பார்த்தாள்.

அவளுக்கு ஏனோ ஆத்தூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. கிழவியின் புருஷனுக்கு வடிவுதான் உட்கார்ந்தாள். பயம் நீங்கி அவர் ஜோராக ஸ்ட்ரெச்சரில் போனபோது, கிழவி ஓடிவந்து கையைப் பிடிக்கப் பார்த்தாள். ‘வந்துருவேன்ல, எதுக்கு இதெல்லாம்’ என்று அவர் கையை விலக்கிவிட்டுப் போனார். வரவில்லை. சாயந்தரம் கிழவி வடிவைத் தேடி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ‘எம்மா, என்னை விட்டுப் போறோம்னு அவருக்குப் பயமே இல்லையா?’ நான்தான் அதை எடுத்துவிட்டேன் பாட்டி என்று வடிவால் சொல்ல முடியவில்லை. ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தாள். பயத்தை எடுத்தபோது கூடவே வேறு என்னவெல்லாம் சேர்ந்து வந்துவிட்டதோ என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் மறுநாள் வேலைக்கு வர முடியாது.

இப்போது அவளுக்கு வேறு வேலை இல்லை. யோசித்தாள்.

முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. ஈரத்தரையில் நிற்பதுபோல் ஒரு குளிர். பிறகு முழங்கால். தியேட்டர் கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டது. கஸ்தூரி சொன்னது சரிதான், மொத்தமாக வந்தது. ஒரு வாரத்துப் பயமும், இந்தக் காலையின் பயமும், கொடையன்று குலவைச் சத்தத்துக்கு நடுவே புருஷனின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பயமும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலி கிடுகிடுத்தது. சாகுல் பதறி எழுந்து வந்தான்.

“யக்கா, டாக்டரைக் கூப்பிடவா?”

வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். தொண்டையில் இருந்தது, நெஞ்சில் இருந்தது, வயிற்றில் இருந்தது. இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. மூச்சு அரைகுறையாக வந்தது. சரி, அரைகுறையாகவே வரட்டும். வழக்கப்படி ‘இருந்துட்டுப் போ’ என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்தச் சொல் வரவில்லை. போ என்று எப்படிச் சொல்வது? உள்ளே கிடக்கிற பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இருப்பது இது ஒன்றுதான். பூரணி பிறந்த அன்றைக்கு, ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதே வந்தது இது. ஒரு நாளும் போனதில்லை. அவள்தான் ஏதோ சோற்றுப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

‘இரு’ என்றாள். ‘எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு.’

அது அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அடங்கவில்லை. நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆனால் எழுந்து ஓடவில்லை. சாகுல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

கதவு திறந்தபோது மதியச் சாப்பாட்டு வண்டி போய்விட்டிருந்தது. கோமதிநாயகம்தான் வந்தார். அவர் முகத்தைப் பார்க்க வடிவுக்குத் துணிச்சல் இல்லை, காலைப் பார்த்தாள்.

“இடத்தைப் பிடிச்சுச் சுட்டாச்சு. பிள்ளை நல்லா இருக்கு” என்றார் அவர். வடிவின் தோள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் தொடர்ந்தார். “முடியுத மட்டும் மீட்டர் எறங்கவே இல்ல. அவ்வளவு பயம். ஆனா தாளம் ஒரு தடவைகூட தப்பல. பயம் வந்தாத்தான் கெடும்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவ அதோட சண்டை போட்ட மாதிரியே தெரியல. என்ன செஞ்சான்னு எனக்குப் புரியல. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

வார்டில் பூரணி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் பழைய கண்தான். வடிவு கட்டிலோரம் நின்று போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வையை மறுபடியும் சரிசெய்தாள்.

“ஏட்டி, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த நாற்காலியில…”

“தெரியும்மா.”

“யாரு சொன்னா? சாகுலா?”

“யாரும் சொல்லல. பெட்டி இரைஞ்ச உடனேயே தெரியும்.” பூரணி மெதுவாகப் பேசினாள். “எனக்குச் செத்துப் போயிருவனோன்னுதான் பயம். வந்தது அது இல்ல. நான் செத்த பொறவும் மறுநாள் விடியுமே, எந்திரிக்கணுமே, அடுப்புப் பத்தவைக்கணுமேன்னு ஒரு பயம். அது யாருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

வடிவுக்குக் கோபம்தான் வந்தது.

“தெரிஞ்சும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த? பேசக் கூடாதுன்னா அப்படியே இருந்துருவியா? சாகுலு வாசல்லதான நின்னான்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திப் போட்டிருப்பான்லா?”

“மாத்திப் போட்டா? என்னதையும் நீ வாங்கியிருப்ப. உன்னதும் உன்கிட்டயே இருந்திருக்கும். எங்கன வச்சுத் தாங்குவ?”

அடிக்க ஓங்கியதுபோல் எழுந்த வடிவின் கை, மகளின் கன்னத்தில் போய் அப்படியே நின்றது. கன்னம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை.

“அவ்வளவையும் எப்படிட்டி தாங்குன? நான் இருப்பேனே, அந்த மாதிரி மூச்சைப் பாத்தியா?”

“ரெண்டு மூச்சுக்கு மேல பாக்க முடியலம்மா. உன் பயம் எங்க என்னை விட்டுச்சு? அது பாட்டுக்கு அழுதுக்கிட்டே கெடந்துச்சு. நானும் விரட்டல. அழாத, நான் இங்கனதான் கெடக்கேன், இந்தா முடிஞ்சிரும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்க கம்பியை இழுக்காங்க, என்னமோ சுடுதாங்க, அதையெல்லாம் யாரு கவனிச்சா?”

“உன் பயம்? அது என்னட்டி ஆச்சு?”

பூரணி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். உண்மையிலேயே அவளுக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

“எனக்குப் பயப்பட எங்கம்மா நேரம் இருந்துச்சு? உன்னைத் தேத்தவே சரியாப் போச்சு.”